சுருக்கமும் வரையறையும்: பொதுவாசகர்க்கான நாட்டு வரலாறு குறித்து

பொதுவாசகர்க்கென இந்திய வரலாற்றைச் சிறுநூலாக எழுதுவோர் எதைக் கைவிடுகின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மன்னர் பெயர்களும் போர்களும் பெரும்பாலும் நிலைத்துவிடுகின்றன. ஒரு செய்தி எவ்வூருக்கு, எவருக்கு, எந்நிபந்தனையோடு பொருந்தும் என்னும் வரையறையே உதிர்ந்துபோகிறது. சுருக்க வரலாற்றின் பெருங்குறை இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குத் தக்க சான்று. முதலாம் பராந்தகன் ஆட்சியில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவை குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. இச்செய்தி 'சோழர் காலத்து ஊர்களில் மக்களாட்சித் தேர்தல் நடைபெற்றது' எனச் சுருங்கிவிடுவதுண்டு. கல்வெட்டு கூறுவதோ வேறு. அது பிரமதேய ஊரொன்றின் சபை பற்றியது. 921ஆம் ஆண்டு விதிப்படி, வாரியப் பொறுப்புக்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவை, வேதப் பயிற்சி ஆகியனவும் வேண்டும். 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர் பொறித்த ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இது வாக்களிப்பன்று; சீட்டெடுப்பு. கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிய கடுமை போற்றத்தக்கதே. ஆயினும் வேளாளர் வாழ்ந்த ஊர்களின் 'ஊர்' அவைக்கும் வணிகரின் 'நகரம்' என்னும் அவைக்கும் இவ்விதிகளை ஏற்றியுரைக்க இக்கல்வெட்டு இடந்தராது. அவ்வாறு ஏற்றியுரைத்தால், நிலமற்றோர் அன்று எங்கு நின்றனர் என்னும் வினா வாசகர் உள்ளத்தில் எழாமலே போய்விடும்.

இவையெல்லாம் சிறுநூலில் அடங்குமா எனின், அடங்கும். 'உத்திரமேரூர்ப் பிரமதேயச் சபையில் நிலமும் கல்வியும் உடையோரிடையே குடவோலை வழியாக வாரியங்கள் அமைந்தன' என எழுதலாம். முற்கூறிய தொடரினும் நான்கு சொற்களே மிகுதி.

நொபொரு கராஷிமா பதிப்பித்து 2014இல் வெளிவந்த தென்னிந்தியச் சுருக்க வரலாறு, சிக்கல்களும் விளக்கங்களும் எனத் தன் துணைத்தலைப்பிலேயே குறிக்கிறது. கருத்து வேறுபாடுகளைச் சுருக்க நூலிலிருந்து விலக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்நூல் சான்று.

இதில் தமிழாய்வாளர்க்குத் தனிப்பொறுப்பு உண்டு. ஊர், நகரம், குடும்பு, வாரியம் என்பன இன்றைய பொருளில் படிக்கப்படுமாயின் வரலாறே திரியும். அச்சொற்களின் காலப்பொருளைத் தெளிவுறுத்தித் தருவது நம் கடன். சிறுநூலில் மன்னர் பெயர் சில குறையலாம், வரையறை குறையலாகாது.