காதல் முறிந்தது, கைமாத்து திரும்புமா?

திருச்சி,

காதலில் பட்ட காயம் காலப்போக்கில் ஆறிவிடும். காதலில் கொடுத்த கடன்? அது காலப்போக்கில் செத்தே போகும்! சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பைக் வாங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு, துபாய் விசாவுக்கு... "அடுத்த மாசம் தந்துடறேன்" என்று வாங்கிய பணம். கழுத்துச் செயினை அடகு வைத்துக் கொடுத்த பெண்கள் உண்டு. சீட்டு எடுத்துக் கொடுத்த ஆண்களும் உண்டு. உறவு முறிந்ததும் பேச்சு மாறுகிறது: "நீயாத்தானே ஆசையா கொடுத்தே. கடனாவா கொடுத்தே?"

வழக்கே இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அன்பளிப்பு என்றால் கொடுத்தது கொடுத்ததுதான். கடன் என்றால் கேட்கலாம். ஆனால் கடன் என்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவர்!

ரங்கநாதர் சாட்சியா?

அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து "ரங்கநாதர் சாட்சி" என்று சத்தியம் செய்திருக்கலாம். அவருக்குச் சம்மன் அனுப்ப முடியாது. கோர்ட்டு கேட்பது ஆதாரம்.

புரோநோட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடவில்லை. ஜிபே கணக்கும் பேங்க் பாஸ்புத்தகமும் பணம் போனதைக் காட்டும். "உன் பணத்தை மாசாமாசம் தந்துடறேன்" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி, அது கடன் என்பதைக் காட்டும். கோபத்தில் அதைத்தான் முதலில் அழிக்கிறார்கள்!

ரொக்கமாக ரூ.20 ஆயிரமும் அதற்கு மேலும் கடன் வாங்க வருமான வரிச் சட்டம் தடை போடுகிறது. "அப்படியானால் கடனே செல்லாது" என்ற வாதத்தை 2025 செப்டம்பரில் ஒரு செக் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. அபராதம் வரலாம்; கடன் கடன்தான்.

போலீசா, கோர்ட்டா?

பலரும் நேராக ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. கடனை வசூல் செய்து தருவது போலீசார் வேலை அல்ல. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி வழக்கு.

2021-ல் பரபரப்பாகப் பேசப்பட்ட வழக்கு ஒன்று. ஜெர்மனியில் வசிக்கும் பெண் ஒருவர், நடிகர் ஆர்யா திருமணம் செய்வதாகச் சொல்லி சுமார் ரூ.70 லட்சம் வாங்கியதாகப் புகார் கொடுத்தார். சென்னை போலீசார் துருவிப் பார்த்தனர். ஆர்யா பெயரில் ஆன்லைனில் பழகியவர்கள் வேறு ஆட்கள் என்று சொல்லி, ஆகஸ்டு மாதம் 2 பேரைக் கைது செய்தனர். ஆள் மாறாட்டம் முதல் நாளே தொடங்கியது என்பதால் அது மோசடி.

உண்மையாகவே காதலித்து, கடன் வாங்கி, பிறகு கையை விரித்தால்? அது சிவில் வழக்கு. அடியாள் வைத்துக் கட்டப் பஞ்சாயத்து செய்வது, பைக்கைப் பிடித்து வைப்பது, போட்டோவை வெளியிடுவேன் என்று மிரட்டுவது எதுவும் கூடாது. பணம் கேட்டுப் போனவரே கம்பி எண்ண நேரிடும்!

முறிந்த நாள் கணக்கல்ல

திருப்பித் தர தேதி பேசாத கைமாத்துக்குக் கெடு 3 ஆண்டு. அது காதல் முறிந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. பணம் கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது!

சித்திரை வீதிப் பெண் ஒருவர் 2022 ஜூன் 20-ந்தேதி ரூ.80 ஆயிரம் கொடுத்தார் என்று வைத்துக் கொள்வோம். 2025 மே மாதம் காதல் முறிகிறது. அழுது முடித்து, பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதற்குள் ஜூன் 20 தாண்டிவிட்டது. கதை முடிந்தது. "எப்படியும் நம்மைக் கட்டிக்கப் போறவர்தானே" என்று காத்திருந்த ஒவ்வொரு மாதமும் கெடுவில் கழிந்த மாதம்.

கெடு முடிவதற்குள் "பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு. உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கினால்தான் உண்டு. பிரிந்த பிறகு யார் போடுவார்?

செக் கொடுத்து அது திரும்பி வந்தால் பிடி இறுகும். 30 நாளுக்குள் நோட்டீஸ். கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. தண்டனை 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

"ஐயோ, கோர்ட்டுச் செலவு!" என்று பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். மக்கள் நீதிமன்றத்தில் பேசியும் முடிக்கலாம்.

காதலைச் சொல்ல நல்ல நாள் பார்ப்பவர்கள், கடனைக் கேட்கக் காலண்டர் பார்க்க வேண்டும்!