கரண்ட் போனாலும் பாடலாம் மக்கா

கல்ச்சுரல்ஸ் வருது. எங்க பேண்டில் வழக்கமான சண்டையும் வந்தாச்சு. "சொந்தமா பாட்டு போட்டாதான் பேண்டு, கவர் பாடினா அது ஆர்கெஸ்ட்ரா" என்பது ஒரு கட்சி. "யாருக்கும் தெரியாத பாட்டை யாருல கேட்பா? ஹிட்டா நாலு எடுத்து மெட்லி போடு" என்பது இன்னொரு கட்சி. நான் மூணாவது கட்சி. கவரே பாடுவோம், ஆனா சத்தமில்லாம.

இதுக்கு முன்னுதாரணம் இருக்கு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1984-ல் தொடங்கிய இண்டி ராக் பேண்டு, யோ லா டெங்கோ. ஐரா கப்லான், ஜார்ஜியா ஹப்லி ரெண்டு பேரும் கணவன் மனைவி. ஆம்ப் கதறக் கதற கிடார் வாசிச்சுப் பேர் வாங்கினவங்க. அவங்களே 1990-ல் 'ஃபேக்புக்' என்று பெரும்பாலும் கவர் பாட்டுகளை வெச்சு ஒரு அமைதியான ஆல்பம் போட்டாங்க. 25 வருஷம் கழிச்சு, 2015-ல், அதே மாதிரி இன்னொண்ணு: 'ஸ்டஃப் லைக் தட் தேர்'.

அதில் 'தி க்யூர்' பேண்டின் 1992 ஹிட்டான 'ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்' இருக்கு. ஒரிஜினலைக் கேட்டா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலை விட்டு ஊருக்கு பஸ் ஏறுற குஷி. ஜார்ஜியா மெதுவா பாடும்போதுதான் மத்த நாளெல்லாம் எப்படிப் போச்சு என்ற சோர்வும் அதே பாட்டுக்குள்ள இருப்பது தெரியுது. 1997-ல் தாங்களே இரைச்சலா போட்ட 'டீப்பர் இன்டு மூவிஸ்' பாட்டையும் இதில் மெதுவா திரும்பப் பாடியிருக்காங்க. தன் பாட்டுக்குத் தானே கவர்! சொந்தப் பாட்டு கட்சி இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

நம்ம பக்கம் பெங்களூரு 'அகம்' பேண்டு இதுக்கு நேரெதிர். தியாகராஜர் கிருதியை எலெக்ட்ரிக் கிடார், ட்ரம்ஸ் என்று ஏத்திக்கொண்டு போவாங்க. எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அதுக்கு ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் குரல் வேணும். நாங்க சத்தத்தைக் கூட்டினா எங்க தப்பு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும், அவ்வளவுதான்.

இது எனக்குப் புரிஞ்சது போன ஜூலையில். இலஞ்சியில் எங்க வீட்டு மாடியில் பிராக்டிஸ். நல்ல சாரல், காத்து, கரண்ட் போச்சு. ஆம்ப் செத்துது. சும்மா இருக்க முடியாம, ஆச்சி அடிக்கடி முணுமுணுக்கிற ஒரு காவடிச்சிந்தை ஒத்தைக் கிடாரில் பாதி வேகத்தில் பாடிப் பார்த்தோம். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். கொடைக்கும் திருவிழாவுக்கும் மைக்செட்டில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு, ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறினதில்லை. அன்னைக்குத்தான் முதல் தடவையா "இந்த வார்த்தைக்கு என்ன ஆச்சி அர்த்தம்?" என்று கேட்டேன்.

அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன். எழுதின அண்ணாமலை ரெட்டியார் நம்ம தென்காசி மாவட்டம், சென்னிகுளத்துக்காரர். கழுகுமலை முருகனுக்குப் பாடினது. முப்பதைத் தாண்டாமலே இறந்துட்டார். அதாவது, நம்ம சீனியர் செட் வயசு.

ஆச்சிக்கு எங்க வெர்ஷன் பிடிக்கலை. "இம்புட்டு மெதுவா நடந்தா கழுகுமலைக்கு எப்பம்ல போய்ச் சேருவ?" என்றாள். நியாயம்தான். காவடி எடுத்து நடக்க அந்த வேகம் வேணும். எனக்கு வார்த்தை புரிய இந்த வேகம் வேண்டியிருந்தது. நாங்க மெதுவா பாடினதால் அவ பாட்டு ஒண்ணும் கெட்டுப் போகலை.

கரோக்கி ட்ராக்கைப் போட்டு அப்படியே காப்பி அடிக்கிறதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. கல்ச்சுரல்ஸ் கமிட்டியிடம் நான் கேட்பது ஒண்ணே ஒண்ணு: இந்த வருஷம் பதினஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. ட்ராக் கூடாது, மெட்லி கூடாது, ஒரு பாட்டு, ஒரு வாத்தியம். விசில் கம்மியாத்தான் வரும், பரவாயில்லை.

ஏப்ரலில் நாங்க பிரியுறோம். ஒருத்தன் சென்னை, ஒருத்தன் ஓசூர், ஒருத்தனுக்கு இன்னும் பிளேஸ்மென்ட் ஆகலை. ஆம்பும் ட்ரம் செட்டும் காலேஜோடது, இங்கேயே இருக்கும். அது இல்லாம வாசிக்க எங்களுக்கு என்ன தெரியுமோ அதுதான் கூட வரும். முதல் பேரா எங்க பேரை எழுதிக்கோங்க.