காயம் பட்டவர் கடனாளி ஆகலாமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், ஆவடி, அம்பத்தூர்... சென்னையைச் சுற்றியுள்ள இந்த ஊர்களில் பொழுது விடிந்ததும் ரோடு நிரம்பிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர் போகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். பால் வாங்க ஒருவர், பஸ் பிடிக்க ஒருவர். இத்தனை பேருக்கும் நடுவில்தான் கார்களும் பறக்கின்றன.

கார் மோதுவது ஒரு நொடியில். அதன் சுமையோ பல ஆண்டுகளுக்கு.

கால் ஒடிந்தால் கூலி போகிறது. கூலி போனால் வாடகை நிற்கிறது. மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. தவறு செய்தவர் ஒருவர். வட்டி கட்டுகிறவர் வேறொருவர். இது நியாயமா?

நியாயம் அல்ல என்று சட்டமே சொல்கிறது. 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. விபத்து வழக்குகளை விசாரிக்கத் தனி மன்றங்கள் அமைக்க 1956-ல் அதில் வழி செய்தார்கள். இன்று நடப்பில் இருப்பது 1988-ம் ஆண்டுச் சட்டம். காயம் பட்டவர் நஷ்ட ஈடு கேட்பது பிச்சை அல்ல. அது அவருடைய உரிமை.

ஆனால் அந்த உரிமை பல வீடுகளில் ரோட்டோரத்திலேயே பறிபோகிறது!

ரோட்டோரப் பஞ்சாயத்து

விபத்து நடந்ததும் கூட்டம் கூடுகிறது. காரில் வந்தவர் பர்சைத் திறக்கிறார். "தம்பி, இந்த பத்தாயிரத்தை வைத்துக்கொள். கேஸ் கீஸ் எல்லாம் வேண்டாம்" என்கிறார். நாலு பெரியவர்கள் "சரி, வாங்கிக்கொள்ளப்பா" என்கிறார்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள்.

பத்தாவது நாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். எலும்பில் கம்பி வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அப்போது பத்தாயிரம் எந்த மூலைக்கு? அன்று போட்ட கையெழுத்தும் பிறகு கோர்ட்டில் எதிராக வந்து நிற்கும்.

"கார்க்காரர் நம் தெருக்காரர். நல்ல மனிதர். அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் தேவையில்லை. ரோட்டில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும், அதனால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்காக இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் பணம் பெரும்பாலும் கம்பெனியிலிருந்துதான் வருகிறது. அந்த நல்ல மனிதர் இதற்காகத்தானே ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார்!

எங்கே கேட்பது?

இந்த வழக்குகளை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னை நகரில் சிறு வழக்குகள் கோர்ட்டு இந்தப் பணியைச் செய்கிறது. மற்ற இடங்களில் மாவட்டக் கோர்ட்டுகளும் சார்பு கோர்ட்டுகளும் செய்கின்றன.

விபத்து எங்கேயோ நடந்தது, அங்கே அலைய வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். விபத்து நடந்த எல்லையில் மனுக் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் எல்லையிலும் கொடுக்கலாம். எதிராளி வசிக்கும் எல்லையிலும் கொடுக்கலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஊனமுற்றோருக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் சட்ட உதவி இலவசம். கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

காகிதமே சாட்சி

கோர்ட்டு கண்ணீரைப் பார்த்துத் தொகை கொடுப்பதில்லை. காகிதத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு பையில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

போலீசில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். காயம் பட்டவரைக் காப்பாற்றும் அவசரத்தில் புகார் தாமதமாகிவிட்டதா? அந்தத் தாமதத்துக்காக மட்டும் கோரிக்கையைச் சந்தேகிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் கூறியிருக்கிறது. அதற்காக வேண்டுமென்று தாமதிக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது "கார் மோதியது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பயத்தில் "தவறி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். பின்னால் அதுவே வழக்கைக் கெடுக்கும்.

கார் நம்பர், மருந்துக் கடை ரசீது, டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது தரும் சுருக்க அறிக்கை, ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு, சம்பளச் சான்று... எதையும் தூக்கி எறியாதீர்கள். நேரில் பார்த்தவரின் பெயரையும் விலாசத்தையும் கேட்டு வையுங்கள். ஊனம் நிலைத்துவிட்டால் மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும்.

கார் டிரைவர் மீது போலீசார் நடத்தும் கேஸ் வேறு. நஷ்ட ஈட்டு மனு வேறு. அந்தக் கேசில் டிரைவர் விடுதலை ஆனாலும், அதனால் மட்டும் உங்கள் மனு செத்துவிடாது.

தொகை எப்படி வருகிறது?

மருந்துச் செலவு மட்டும்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், இனிமேல் குறையப்போகும் வருமானம், இனி ஆகப்போகும் வைத்தியச் செலவு, பட்ட வலி, இழந்த சுகம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை விளக்கமாகச் சொன்னது. ஊனம் உடம்பில் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, அது அவர் செய்யும் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றது. இடது கையை இழந்தால் குமாஸ்தா தம் வேலையைத் தொடரக்கூடும். தச்சரால் முடியுமா?

ஓர் உதாரணம் பார்ப்போம். பம்மலில் 32 வயதுத் தையற்காரர். மாத வருமானம் ரூ.15,000. கால் சரியாக மடங்காததால் அவர் சம்பாதிக்கும் சக்தி 20 சதவீதம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஆண்டு வருமானம் ரூ.1,80,000. அதில் 20 சதவீதம் ரூ.36,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கு எண் 16. பெருக்கினால் ரூ.5,76,000. சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு, வருங்கால உயர்வு என்று 40 சதவீதம் சேர்ப்பது உண்டு. அதையும் சேர்த்தால் ரூ.8,06,400. மருந்துச் செலவும் மற்றவையும் தனி.

ரோட்டோரத்தில் கொடுத்த பத்தாயிரம் எங்கே, இந்தத் தொகை எங்கே! ஆனால் விபத்தில் உங்கள் தவறும் கலந்திருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும்.

வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வருமானம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது.

யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, பலத்த காயத்துக்கு ரூ.2½ லட்சமும் உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் பெறும் வழியும் சட்டத்தில் உண்டு. அதை வாங்கிக்கொண்டால் பெரிய தொகை கேட்கும் வழி மூடிவிடும். எது நல்லது என்று வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மோதிய கார் நிற்காமல் ஓடிவிட்டதா? எந்தக் கார் என்றே தெரியவில்லையா? அதற்கும் வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டப்படி பலத்த காயத்துக்கு ரூ.50,000, உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம்.

தரகர் ஜாக்கிரதை!

ஆஸ்பத்திரி வாசலிலேயே தரகர்கள் வருகிறார்கள். "வரும் தொகையில் பாதி எனக்கு" என்று பேரம் பேசுகிறார்கள். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வக்கீலுக்கே கூடாது என்பது பார் கவுன்சில் விதி. தரகருக்கு என்ன உரிமை?

வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். இழப்பீட்டுத் தொகையை நேராகப் பாதிக்கப்பட்டவரின் பாங்குக் கணக்கில் போடும் முறை வேண்டும் என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது.

பொய்க் கேசுக்கும் உடந்தையாகாதீர்கள். ஒரு பொய்க் கேஸ், உண்மையாகக் கால் ஒடிந்த பத்துப் பேரைச் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது.

கெடு 6 மாதம்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். மனுக் கொடுக்க இருந்த காலக் கெடுவை 1994-ல் எடுத்துவிட்டார்கள். 2019-ம் ஆண்டுத் திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இதை எதிர்த்து வழக்குகள் வந்தன. காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். 6 மாதத்துக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

கால் ஒடிந்தவர் எழுந்து நடக்கவே 6 மாதம் ஆகிறது. அதற்குள் கெடு முடிந்துவிட்டது என்றால் அது ஏழையைத்தான் அடிக்கும். இந்தக் கெடுவைச் சர்க்கார் எடுத்துவிட வேண்டும்.

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீசார் தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை அனுப்ப வேண்டும். 10 நாளைக்குள் பாதிக்கப்பட்டவரிடம் அவருடைய உரிமைகளை எழுதிய படிவத்தைக் கொடுக்க வேண்டும். இவை 2022-ம் ஆண்டு விதிகள். அந்தப் படிவம் ஒவ்வொரு குடும்பத்தின் கைக்கும் தமிழில் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும், ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படித்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது. அது கால் ஒடிந்தவரின் கட்டில் வரை வர வேண்டும்.

உங்கள் தெருவில் யாருக்காவது அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அப்படி உதவுகிறவரைத் தொல்லை செய்யக் கூடாது என்று சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பிறகு அந்தக் குடும்பத்திடம் மூன்றே வார்த்தை சொல்லுங்கள்:

புகார் கொடு. ரசீதை வை. கெடுவை மறக்காதே!