கருவிக்கு முன் சுவர்

திருவனந்தபுரத்தில் வீட்டுச் சுவரில் காடி வெட்ட எப்போதும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. ஏ.சி.க்குத் தனி வயர், குளியலறைக்கு வெந்நீர்க் குழாய். முன்பு கொத்தனார் உளியும் சுத்தியலுமாக நாள் முழுக்கச் செய்த வேலை அது. இப்போது வீட்டுக்காரரே ஒரு மின்கருவி வாங்கிக் களத்தில் இறங்கிவிடுகிறார்.

கடையில் முதலில் கண்ணில் படுவது விலை குறைந்த ஹேமர் டிரில். பெயரில்தான் சுத்தியல். பற்கள் கொண்ட இரு தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் அதிர்வில் அது துளை போடும். உளி வேலை அதற்கு வராது. ரோட்டரி ஹேமர் வேறு ரகம். பிஸ்டன் அழுத்தும் காற்று உள்ளிருக்கும் சுத்தியலை ஓங்கி அடிக்க வைக்கிறது. பாஷ் நிறுவனம் 1932லேயே இத்தகைய கருவியை அறிமுகம் செய்துவிட்டது. சுழற்சியை நிறுத்திவிட்டு அடிக்க மட்டும் செய்யும் வசதி இருக்கிறதா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. வாட் கணக்கைவிட முக்கியம், ஓர் அடியின் வலு எத்தனை ஜூல் என்பது. செங்கல்லுக்கு 2 முதல் 3 ஜூல் தாராளம். 5 கிலோ பிரேக்கர் கான்கிரீட்டுக்கு உரியது. வாடகைக்குக் கிடைக்கிறதே என்று அதைச் செங்கல் சுவரில் வைத்தால் கேட்ட இடம் மட்டுமல்ல, கேட்காத இடமும் பெயரும்.

இந்த நகரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2007ல் மறையும்வரை இங்கு வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறை அது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் சுவருக்குள் வெற்றிடம் இருக்கும். செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம்; வெயிலும் எளிதில் உள்ளே இறங்காது.

சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செங்குத்துக் காடி போகக்கூடாது, கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொறியாளர்களின் விதி. 230 மி.மீ. சுவரில் மூன்றில் ஒரு பங்கு சுமார் 76 மி.மீ. எலிப்பொறிச் சுவரின் வெளித்தோலே அவ்வளவுதான். கெட்டிச் சுவருக்கான விதியை நம்பி உளியை இறக்கினால் அது வெற்றிடத்தில்தான் போய் நிற்கும். கூரையின் பாரத்தைத் தாங்குவதும் அதே தோல்தான். பூச்சில்லாத சுவர் என்பதால் தவறை மறைக்கவும் வழியில்லை. இத்தகைய வீடுகளில் வயரைச் சுவரின் மேலேயே குழாயில் கொண்டுபோவது உத்தமம்.

கெட்டிச் சுவராக இருந்தால் வைரப் பல் கட்டிங் மெஷினால் முதலில் இரண்டு கோடுகள் அறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நடுவில் உள்ளதை மட்டும் உளியால் பெயர்த்தால் விளிம்பு சிதறாது. மெயின் சுவிட்சை அணைத்தால் கருவிக்கும் மின்சாரம் இராது. எனவே அந்தச் சுவருக்குள் ஓடும் வயரின் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, வேறு இணைப்பிலிருந்து கருவியை இயக்க வேண்டும். கண்ணாடியும் என்95 முகக்கவசமும் கட்டாயம். செங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் விரல் கணுவால் சுவரைத் தட்டிப் பார்க்கலாம். உள்ளே வெற்றிடம் என்று ஒலித்தால், கட்டியவரைக் கேட்கும்வரை கருவி பெட்டியிலேயே இருக்கட்டும்.