தாத்தாவின் 'த்ரீ நாட் த்ரீ': விற்கலாமா, ஒப்படைக்கணுமா?

ஆர்.கே.பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரணில் சாக்கு சுற்றிய நீளமான பொருள் ஒன்று கிடைக்கிறது. பிரித்தால் உள்ளே ஒரு ரைஃபிள், கூடவே தாத்தா பெயரில் எப்போதோ காலாவதியான லைசென்ஸ். சென்னையில் வேலை பார்க்கும் பேரன் போனில் தேடுகிறார். அமெரிக்காவில் இதே மாடலை டாலர் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. 'நாமும் வித்துடலாமே' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஒரு வாட்ஸ்அப் போட்டோவே பல ஆண்டு சிறைக்கு வழிகாட்டிவிடலாம்.

அது என்ன துப்பாக்கி?

பெரும்பாலும் லீ-என்ஃபீல்டு. குண்டின் அளவு .303 என்பதால் 'த்ரீ நாட் த்ரீ'. 1907-ல் வந்த இதன் 'மார்க் 3' மாடல்தான் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களின் கையில் இருந்தது. எடை சுமார் 4 கிலோ, 10 தோட்டா நிரப்பலாம். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரானது. போருக்குப் பிறகும் போலீஸ் ஸ்டேஷன்களில் பல பத்தாண்டுகள் உழைத்தது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் இதற்கு விடை கொடுத்தது.

வெளிநாட்டில் மட்டும் எப்படி விற்கிறார்கள்?

அமெரிக்காவில் 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்றே தனி லைசென்ஸ் உண்டு. பாகங்களின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா, மரக்கட்டை அசலா, எந்தத் தொழிற்சாலையின் முத்திரை என்று பார்த்து விலை வைப்பார்கள். பாலிஷ் போட்டு 'புதுசாக்கினால்' மதிப்பு குறையும். பிரிட்டனில், சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து சான்றிதழ் பெற்ற துப்பாக்கிகளுக்குத் தனிச் சந்தை இருக்கிறது.

இங்கே ஏன் முடியாது?

.303 தோட்டாவைச் சுடக்கூடிய ரைஃபிள், நம் ஆயுத விதிகளில் தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. அதற்கான லைசென்ஸை கலெக்டர் தர முடியாது, மத்திய அரசுதான் தரவேண்டும். சாதாரண 12 போர் துப்பாக்கி என்றால் கதை வேறு. லைசென்ஸ் உள்ளவர் இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு அதை விற்கலாம். கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தகவல் கொடுத்து, 45 நாள் பொறுக்கணும், அவ்வளவுதான்.

2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனையும் கடுமையாகிவிட்டது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு சிறை. அதைச் சட்டத்தை மீறி விற்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. பரம்பரைச் சொத்துக்கும் இதே வரம்புதான்.

'ஆன்டிக்' ஆச்சே, விலக்கு இல்லையா?

உண்டு, ஆனால் நினைப்பது மாதிரி இல்லை. பழமையான, வழக்கொழிந்த அல்லது பழுதான ஆயுதம், ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. எண்ணெய் போட்டால் வேலை செய்யும் த்ரீ நாட் த்ரீ அதில் சேராது. எவ்வளவு பழசு என்பதைவிட, சுடுமா சுடாதா என்பதே இங்கே கேள்வி. அதை முடிவு செய்யவேண்டியது வீட்டுக்காரரும் அல்ல, யூடியூபும் அல்ல.

அப்போ என்ன செய்யணும்?

முதலில் போட்டோ போடாதீர்கள். பஸ்ஸில் எடுத்துக்கொண்டு அலையவும் வேண்டாம். எண்களைச் சுரண்டாதீர்கள், அது தனிக் குற்றம். தாத்தாவின் லைசென்ஸ், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இவற்றை எடுத்து வைத்து, ஒரு வக்கீலிடம் பேசி, உடனே உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். ஒப்படைத்தால் ரசீது வாங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஸ்டேஷனில் ஒப்படைத்ததும் உரிமை போய்விடுவதில்லை. 21-வது பிரிவின்படி, குறிப்பிட்ட காலத்துக்குள் உரிய லைசென்ஸ் பெற்றால் திரும்ப வாங்கலாம். அல்லது வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்று, பணத்தைப் பெறலாம். காலம் கடந்தால் அரசுடைமை. த்ரீ நாட் த்ரீ வாங்கும் தகுதி உள்ளவர்கள் மிகச் சிலரே என்பதால், நடைமுறையில் அது அரசிடமே போய்ச் சேரும்.

மாற வேண்டியது எது?

இந்தச் சட்டம் தளர வேண்டியதில்லை. நூறு வயதானாலும் குண்டு குண்டுதான். ஆனால் ஒப்படைக்க வருபவரைக் குற்றவாளி போல நடத்துவார்களோ என்ற பயம் ஊர்ப்பக்கம் இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் சிலர் கிணற்றில் போட நினைக்கிறார்கள். சிலர் துண்டாக்கி, கும்மிடிப்பூண்டி உருக்காலைக்குப் போகும் ஸ்கிராப் லாரியில் ஏற்றிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். தவறான ஆள் கைக்குப் போனால் இன்னும் ஆபத்து.

தானாக முன்வந்து ஒப்படைப்பவருக்கு வழக்கு இல்லை என்ற தெளிவான அறிவிப்பை மாவட்டம்தோறும் அரசு வெளியிடலாம். வரலாற்று மதிப்புள்ளவற்றைச் செயலிழக்கச் செய்து, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கோ அனுப்ப வழி செய்யலாம். கொடுத்த குடும்பத்தின் பெயரைக் கண்ணாடிப் பெட்டியில் எழுதி வைத்தால் போதும். லட்ச ரூபாய் வராது. ஆனால் தாத்தாவின் கதை மிஞ்சும், பேரன் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.