காணியில்லாத விவசாயிக்கு என்ன நவீனமயமாக்கல்?

இலங்கையின் விவசாயத் தலைநகரம் எது என்று கேட்டால், நான் பேராதனை என்றே சொல்வேன். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம், பல்கலைக்கழக விவசாய பீடம், கன்னொறுவை ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாம் அங்கே அருகருகே இருக்கின்றன. விதை, உரம், நீர்ப்பாசனம், ஏற்றுமதிப் பயிர் என்று நாட்டுக்கே அங்கிருந்துதான் வழிகாட்டுகிறார்கள். ஆனால் அதே கண்டி மாவட்டத்தின் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக மண்ணோடு வாழும் தமிழர்கள் அரசின் கணக்கில் விவசாயிகள் அல்லர், வெறும் தொழிலாளர்கள்.

இது சொல் பற்றிய சிக்கல் மட்டுமல்ல. அரசின் உதவி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை இந்தச் சொல்தான் தீர்மானிக்கிறது. உலக வங்கி 2016இல் 12.5 கோடி டொலர் கடன் வழங்கிய விவசாயத்துறை நவீனமயமாக்கல் திட்டம் மாத்தளை, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மட்டக்களப்பு உள்ளிட்ட மாவட்டங்களில் நடைமுறைப்படுத்தப்பட்டது. 2024/25 பெரும்போகத்தில் நெற்செய்கையாளருக்கான உர மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தேயிலைச் சிறுபற்று நில உடைமையாளருக்கென்று தனி அதிகாரசபையே உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றின் வாசலில் கேட்கப்படும் முதற்கேள்வி ஒன்றுதான்: உங்கள் காணி எங்கே?

லயன் அறையில் வாழ்பவரிடம் இதற்குப் பதில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1972 காணிச் சீர்திருத்தமும் 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானதும் காணியற்றோருக்கு நிலம் தரும் நடவடிக்கைகளாகவே பேசப்பட்டன. ஆனால் கண்டிப் பகுதித் தோட்டங்களில் தேயிலை நட்டவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பல குடும்பங்கள் பட்டினியோடு வெளியேற நேர்ந்தது. 1977, 1983 வன்முறைகள் மேலும் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் விரட்டின. அங்கே காடு வெட்டிக் கழனியாக்கியவர்களில் பலர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தார்கள். மலையகத்தின் காணிப் பிரச்சினை வன்னியின் கதையும்தான்.

இன்று தோட்டக் குடும்பத்துக்கு வீட்டுத் திட்டத்தில் கிடைப்பது 7 அல்லது 10 பேர்ச். ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். பத்துப் பேர்ச்சில் ஒரு வீடு கட்டலாம். வாழ்வாதாரம் கட்ட முடியாது. மறுபுறம், கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அரச நிறுவனங்களின் தோட்டங்களில் தேயிலை கைவிடப்பட்டுக் காடாகிப்போன நிலங்கள் கிடக்கின்றன. நாட்டின் தேயிலை உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிறு உடைமையாளர்களிடமிருந்தே வருகிறது. சிறு நிலத்தில் தேயிலை இலாபம் தராது என்ற வாதம் எப்போதோ பொய்த்துவிட்டது.

சில தோட்டங்களில் தேயிலைச் செடிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குடும்பங்களிடம் பராமரிப்புக்குக் கொடுக்கிறார்கள். கொழுந்துக்கு மட்டும் பணம். நிலத்தில் எந்த உரிமையும் இல்லை. உழைப்பின் பொறுப்பைக் கொடுத்துவிட்டு உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்வதைச் சீர்திருத்தம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. கைவிடப்பட்ட அரச தோட்ட நிலங்களை அங்கேயே வாழும் குடும்பங்களுக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும், சட்டபூர்வமான உறுதியோடு பகிர்ந்தளிக்க வேண்டும். மானியமும் பயிற்சியும் அதன்பின் வரட்டும்.

வடக்கில் படையினரிடமும் வனத் திணைக்களத்திடமும் தங்கள் வயலைக் கேட்டு நிற்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கால் வைக்க நிலமில்லாதவனிடம் ட்ரோனையும் கைப்பேசிச் செயலியையும் நீட்டுவது அபிவிருத்தி ஆகாது.