ஆலன் டொனால்டின் மூக்கு

1990-களில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு ஆலன் டொனால்டைத் தெரியும். தென்னாப்பிரிக்கக்காரர். 'வெள்ளை மின்னல்' என்று பட்டப்பெயர். பந்துக்கு முன்னால், மூக்கிலும் கன்னத்திலும் அவர் அப்பியிருக்கும் வெள்ளைக் களிம்புதான் கண்ணில் படும். டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "பாவம், மூஞ்சியில அடி பட்டிருக்கு போல. சுண்ணாம்பு தடவியிருக்கான்" என்று ரொம்ப நாள் அனுதாபப்பட்டுக்கொண்டிருந்தார்.

அது சுண்ணாம்பு இல்லை. ஜிங்க் ஆக்ஸைடு. துத்தநாகமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த வெள்ளைப் பொடி. இந்தச் சமாசாரத்தைத்தான் தினமும் காலையில் முகத்தில் பூசிக்கொண்டு ஆபீஸ் போகும்படி எனக்கு ஒரு தோல் டாக்டர் உத்தரவு போட்டார். டொனால்டுக்குப் பரவாயில்லை. மைதானத்தில் அவரிடம் போய் "என்ன ஸார், வீட்ல வெள்ளையடிக்கிறாங்களா?" என்று கேட்க ஆளில்லை. நான் இருப்பது அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்.

காரணம், மங்கு. கன்னத்தில் பழுப்பாகத் திட்டுத் திட்டாகப் படருமே, அதுதான். பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு வருவது என்று ஊரில் சொல்வார்கள். ஆண்களுக்கும் வரும். பரம்பரை பாதி, வெயில் பாதி. எனக்கு வலது கன்னத்தில் அதிகம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு டூவீலரில் வடக்கே பார்த்துப் போகிறேன்; காலை வெயில் வலது பக்கம். சாயங்காலம் தெற்கே பார்த்துத் திரும்புகிறேன். மேற்கும் வலது பக்கம். (சூரியன் மறைவதற்குள் ஆபீஸை விட்டுக் கிளம்பும் அதிசய தினங்களில்.) ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்பார்கள். நான் இரண்டு வேளையும் ஒரே கன்னத்தைத்தான் காட்டியிருக்கிறேன்.

கன்னத்தில் திட்டு இருந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முப்பத்தோரு வயதில் ஜாதகம் வெளியே போய்க்கொண்டிருக்கிற ஆளிடம் அப்படிக் கேட்கக்கூடாது. "மாப்பிள்ளைக்கு லிவர்ல ஏதாவது கோளாறா?" என்று ஒரு பெண் வீட்டில் விசாரித்ததாகத் தரகர் வந்து சொன்னார். அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "திட்டுக்கு மருந்து தர்றேன். ஆனா வெயிலைத் தடுக்காம மருந்து மட்டும் போடறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற மாதிரி. இன்னொண்ணு, மெடிக்கல் ஷாப்ல கேட்டு நீங்களா எதுவும் வாங்காதீங்க. அதுல நிறைய ஸ்டீராய்டு கலந்தது. முதல் மாசம் பளபளங்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு செவந்து போயிடும்."

சாதாரண சன்ஸ்கிரீன் எனக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. அவோபென்சோன், ஆக்டினாக்சேட் என்று ரசாயனப் பெயர்கள் போட்ட ரகம். பூசினால் முகத்தில் இருப்பதே தெரியாது. ஆனால் ஹெல்மெட்டுக்குள் வியர்த்து, வியர்வையோடு அது கண்ணில் இறங்கும். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒரு மனிதன் கண்ணீர் விட்டபடி பைக் ஓட்டுகிறான் என்றால் அது காதல் தோல்வியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதிரே மாநகரப் பேருந்து வரும்போது இரண்டு கண்ணும் மூடிக்கொண்டால் மங்குக்கெல்லாம் வேலையே இருக்காது. அதனால்தான் டாக்டர் மினரல் ரகத்துக்கு மாற்றினார். அதில் வேலை செய்பவை இரண்டே பொடிகள்: ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு. இவை தோலின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கண் எரிச்சல் ரொம்பக் குறைவு.

தி.நகர் கடையில் அந்தப் பெண் எடுத்துக் கொடுத்த முதல் ட்யூபைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போன அன்று, ப்யூன் பெரியவர் பயபக்தியோடு "எந்தக் கோயில் ஸார்?" என்றார். மானேஜர் "தெருக்கூத்து ஏதாவது கட்டறீங்களா?" என்றார். மாநிறத் தோலில் இந்தப் பொடி விழுந்தால் வெள்ளைகூட இல்லை, ஒரு மாதிரி சாம்பல் நீலம். பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தேன். மூன்று நாள் ஃப்ரீஸரில் இருந்தவன் மாதிரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் தோலுக்குத் தயாரித்ததை அப்படியே நம் தலையில், மன்னிக்கவும், முகத்தில் கட்டிவிட்டார்கள்.

விடுவதாக இல்லை. படிக்க ஆரம்பித்தேன்.

டைட்டானியம் டையாக்ஸைடு, சுவருக்கு அடிக்கிற பெயிண்டில் வெள்ளை நிறத்துக்காகப் போடுகிற அதே சரக்கு. ஆக, வெள்ளையடிக்கிறாங்களா என்று கேட்டவன் பெரிய விஞ்ஞானி. அது 'பி' ரக அல்ட்ரா வயலட்டை, அதாவது தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரை, நன்றாகப் பிடிக்கும். கண்ணாடி ஜன்னலையும் தாண்டி உள்ளே வரும் 'ஏ' ரகத்தைப் பிடிப்பதில் ஜிங்க்தான் கெட்டி. மங்குக்காரனுக்கு இரண்டுமே எதிரி. ட்யூபில் எஸ்.பி.எஃப். என்று போடுகிற எண் முக்கியமாக 'பி'க்கு. 'ஏ'க்கு என்ன பாதுகாப்பு என்று பார்க்க, பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டிருப்பார்கள். 1996-ல் ஜப்பானில் ஆரம்பித்த வழக்கம் இது. நான்கு கூட்டல் இருந்தால் முதல் தரம். (காலேஜில் நான் பி.ஏ. வாங்கியபோது ஒரு கூட்டல்கூடக் கிடைக்கவில்லை.)

இந்தப் பொடி கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளத்தான் செய்கிறது. நமக்குத் தெரியும் வெள்ளை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் பொடியில் பட்டுச் சிதறுவது. பொடியை இன்னும் இன்னும் நைஸாக அரைத்தால் இந்தச் சிதறல் குறையும், முகத்தில் வெள்ளை தெரியாது. 'லேசானது', 'வெள்ளை தெரியாதது' என்று விற்பவற்றில் பாதி ரகசியம் இதுதான். மீதி ரகசியம், அந்த நைஸ் பொடி கட்டி தட்டாமல் முகம் முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். ரவா உப்புமாவில் கட்டி விழுந்த மாதிரி ஆகிவிட்டால், கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் வெயில் ராஜபாட்டையில் நுழையும். நமக்கு வெளியே தெரியாது.

இங்கேதான் ஒரு விஷயம் என் வயிற்றைக் கலக்கியது. ஆஸ்திரேலியாவில் 'சாய்ஸ்' என்று ஒரு நுகர்வோர் அமைப்பு இருக்கிறது. கடையில் விற்கும் 20 சன்ஸ்கிரீன்களை வாங்கிச் சோதித்து 2025 ஜூனில் முடிவை வெளியிட்டார்கள். 16 சன்ஸ்கிரீன்கள் டப்பாவில் போட்ட எண்ணைத் தொடவில்லை. அதிலும் ஒன்று, முகத்துக்கென்றே செய்தது. ஜிங்க் ரகம். பளபளக்காது, 50-க்கு மேல் என்று விலாசம். சோதனையில் வந்த எண் என்ன தெரியுமா? 4. நாற்பது இல்லை ஸார், நாலு! வேறு லாபில் திரும்பச் சோதித்தார்கள். 5. ஆகஸ்டில் அந்த நிறுவனமே சரக்கைக் கடையிலிருந்து திரும்பப் பெற்றது. சன்ஸ்கிரீனை மருந்துக்குச் சமமாகக் கண்டிப்பு பண்ணுகிற தேசத்தில் இந்தக் கதை. நம் ஊர்ச் சட்டத்தில் அது பவுடர், லிப்ஸ்டிக் வரிசையில் ஒரு அழகுசாதனம்.

ஆக, முகத்தில் போட்டதே தெரியவில்லை என்று ஒரு மினரல் க்ரீமைப் பாராட்டுவதற்கு முன்னால், வெயிலுக்காவது அது இருப்பது தெரிகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து மாயமாக மறைகிற எதன் மீதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

எனக்குச் சரிப்பட்டது நிறம் சேர்த்த ரகம். நிறம் என்றால் அயர்ன் ஆக்ஸைடு. பயப்பட வேண்டாம், நம் ஊர்க் காவிக்கல்லும் அதே ஜாதிதான். சின்ன வயதில் வேர்க்குருவுக்கு அம்மா தடவிவிட்ட ரோஸ் நிறக் காலமைன் லோஷன் ஞாபகமிருக்கிறதா? அதில் இருப்பதும் ஜிங்க் ஆக்ஸைடும் துளி அயர்ன் ஆக்ஸைடும்தான். (அதற்காகக் காலமைனைப் பூசிக்கொண்டு வெயிலில் கிளம்பாதீர்கள். அது அந்த வேலைக்குச் செய்ததல்ல.) காவியால் இரண்டு லாபம். சாம்பல் பூத்தது போல் தெரியாது. அதைவிட முக்கியம், மாநிறத் தோலில் மங்கைக் கிளப்புவது அல்ட்ரா வயலட் மட்டுமில்லை, சாதாரண வெளிச்சத்தில் இருக்கும் நீலமும்தான். அதைத் தடுப்பதில் காவிதான் கெட்டிக்காரன்.

கடையில் புறங்கையில் தடவிப் பார்ப்பது வீண். கை வேறு, முகம் வேறு. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் தடவி, ட்யூப் லைட்டை விட்டு வாசலுக்கு வந்து, பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடி பார்க்க வேண்டும். ரங்கநாதன் தெருவில் ஓர் ஆண்பிள்ளை இப்படி நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும். டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள். முன்னால் 'மினரல்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் அவோபென்சோன் சேர்த்திருப்பார்கள். கண் எரிந்த பிறகு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

அடுத்தது அளவு. எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1 கிராம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒரு கோடு பிதுக்கினால் முகம், கழுத்து இரண்டுக்கும் ஆகும். நாமெல்லாம் ஷேவிங் க்ரீம் மாதிரி பட்டாணி அளவு எடுத்து, பாதியைக் கையிலேயே வைத்துக்கொள்கிற கட்சி. பாதி அளவு பூசினால் 50 என்பது கிட்டத்தட்ட 25 ஆகிவிடும், இன்னும் குறைத்தால் இன்னும் கீழே. முழு அளவில் பூசின 30 ரகம் இதைவிட மேல். அது வெயிலில் முப்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். 50 ரகம் ஐம்பதில் ஒரு பங்கு. பெரிய வித்தியாசமில்லை. ஒரே தடவையில் அப்பினால் ஆலன் டொனால்ட். இரண்டு தடவையாக, முதல் பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது என்று போட்டால் மனிதர்.

சில்லறைத் தொந்தரவுகள் உண்டு. மூன்று நாள் தாடியில் திட்டுத் திட்டாக மாட்டிக்கொண்டு, தேங்காய்த் துருவல் தூவிய பொங்கச்சோறு மாதிரி இருக்கும். ஷேவ் செய்துவிட்டுப் போடுவது உத்தமம். மீசை ஓரத்தை ஈரத்துணியால் ஒற்றிவிட வேண்டும். வெள்ளைச் சட்டைக் காலரில் காவி ஒட்டும். அம்மா இரண்டு நாள் காலரை விளக்கில் காட்டி ஆராய்ந்துவிட்டு, "யாருடா அது?" என்றாள். ட்யூபைக் காட்டியதும் அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை புரியவில்லை.

எட்டு மாதம் ஆகிறது. டாக்டரின் மருந்தும் இதுவும் சேர்ந்து வலது கன்னம் தேவலை. திட்டு போகவில்லை, மங்கலாகியிருக்கிறது. நான் சிவப்பாகிவிடவில்லை. அதற்காக இதை வாங்கவும் இல்லை.

என் ட்யூப் 50 கிராம், 600 ரூபாய். ஒரு நாளைக்கு 12 ரூபாய் விழுகிறது. போன வாரம் மார்க்கெட்டிங் தம்பி வந்தான். மாதம் முழுக்க வெயிலில் சுற்றுகிறவன், கன்னத்தில் எனக்கிருந்த அதே ஆரம்பம். "ஸார், அந்த க்ரீம் கொஞ்சம் குடுங்களேன், போட்டுப் பார்க்கிறேன்" என்றான். அளவு பற்றி அரை மணி நேரம் லெக்சர் கொடுத்துவிட்டு ட்யூபை நீட்டினேன். பயல் கவனமாகக் கேட்டிருக்கிறான். இரண்டு விரலையும் நீட்டி, நுனியிலிருந்து அடி வரைக்கும் நிதானமாகப் பிதுக்கினான். "கழுத்துக்குத் தனியா ஸார்?" என்றான்.